சந்தா வசூலிக்கும் வயது

ஜனவரி பாதி கடந்ததும் கொல்கத்தாப் பத்திரிகைகளின் வார இறுதிப் பக்கங்களில் ஒரு பட்டியல் வந்துவிடும். குளிர் விலகுகிறது, பிள்ளைகளை எங்கே அழைத்துப் போகலாம்? அலிப்பூர் மிருகக்காட்சிசாலை, சயன்ஸ் சிட்டி, நிக்கோ பார்க், நியூ டவுன் ஈக்கோ பார்க், விக்டோரியா நினைவகத்துப் புல்வெளி. சற்று வசதியிருந்தால் சாந்திநிகேதன். கூடவே குழந்தை வளர்ப்புக் குறிப்புகள்: தண்ணீர் பாட்டிலை மறக்காதீர்கள், தொப்பி போடுங்கள், கைபேசியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் எல்லாமே பெற்றோரைப் பார்த்து எழுதியவை. டிக்கெட் வாங்குவது, வழி கேட்பது, படம் பிடிப்பது எல்லாம் பெற்றோர்; பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று எந்தப் பட்டியலும் கேட்பதில்லை. அந்த ஒரு கேள்வியை வைத்து இந்த நகரத்தின் வசந்தத்தை அளந்தால் பட்டியலின் வரிசையே மாறிவிடுகிறது என்பது என் கட்சி.

முதலில் காலக்கணக்கு. தமிழ்ப் பஞ்சாங்கத்தில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். சென்னைக்காரனுக்கு அது வியர்வைக் காலம். வங்காளத்தில் பால்குனமும் சைத்ரமும் வசந்தம், அதாவது பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை. பிள்ளைகளோடு வெளியே திரியத் தோதான நாட்கள் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. மாக மாதத்துப் பஞ்சமியில், ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரியிலோ, சரஸ்வதி பூஜையோடு அவை தொடங்குகின்றன. ஹோலி தாண்டினால் முடிந்தது. மார்ச் கடைசியில் பகல் வெயில் 35 டிகிரியைத் தொட்டுவிடும். 2024 ஏப்ரல் 30 அன்று நகரத்தில் 43 டிகிரி. அந்த ஆண்டு மாநில அரசு கோடை விடுமுறையை ஏப்ரல் 22-க்கே முன்னால் இழுக்க வேண்டியதாயிற்று. ஏப்ரல் நடுவில் வரும் வங்காளப் புத்தாண்டான பொய்லா பைஷாக்கில் புதுச் சட்டை உண்டு, சாயங்காலம் கடைக்காரர் தரும் இனிப்புப் பெட்டியும் காலண்டரும் உண்டு. அதற்கு மேல் வெளியே எங்கும் போக வெயில் விடாது. ஆக, கையில் இருப்பது ஏறக்குறைய ஆறு வாரம்.

அதிலும் தேர்வு வந்து பங்கு கேட்கிறது. எல்லாரிடமும் ஒரே பங்கு கேட்பதில்லை என்பதுதான் வேடிக்கை. மேற்கு வங்க வாரியப் பள்ளிகளில் கல்வியாண்டு ஜனவரியில் பிறக்கிறது. பத்தாம் வகுப்பு மத்தியமிக் போன்ற பொதுத் தேர்வு எழுதுகிறவர்களை விட்டால் மற்றப் பிள்ளைகளுக்குப் பிப்ரவரியில் புதுப் புத்தகத்தின் வாசனை கூடப் போயிருக்காது. சிபிஎஸ்இ, ஐசிஎஸ்இ பள்ளிப் பிள்ளைகளுக்கோ அதே வாரங்களில் ஆண்டுத் தேர்வு. ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில் தரைத்தளத்துக் காவலாளியின் மகன் பந்தலுக்கு மூங்கில் தூக்கிக்கொண்டிருப்பான். நான்காம் மாடிப் பையன் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டு பின்னக் கணக்குப் போடுவான். அதிகச் சம்பளம் கட்டும் பிள்ளைக்குத்தான் வசந்தம் குறைவு. லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலோர் இந்த நான்காம் மாடிக்காரர்கள். மாற்றலாகி வந்தவர்களுக்கு வேறு வாரியம் தோதுப்படாது.

பூங்காக்களை உடனே கழித்துவிடலாம். நிக்கோ பார்க்கும் ஈக்கோ பார்க்கும் எந்த மாதத்திலும் கிடைப்பவை. 1876-இல் திறந்த அலிப்பூர் மிருகக்காட்சிசாலைக்கு டிசம்பர் 25-இலும் ஜனவரி 1-இலும் நகரமே போய் நிற்கும். பிப்ரவரியில் நெரிசல் குறைவு என்பதைத் தவிர வசந்தத்தால் அதற்கு ஆதாயம் இல்லை. (வியாழக்கிழமை விடுமுறை என்று தெரியாமல் வந்து வாசலில் அழும் குழந்தைகள் எல்லாப் பருவத்திலும் உண்டு.)

ஹூக்ளிக்கு அக்கரையில் உள்ள ஷிப்பூர்த் தாவரவியல் தோட்டம் மட்டும் வேறு ரகம். 1787-இல் கர்னல் ராபர்ட் கிட் தொடங்கிய தோட்டம் அது; ஏறக்குறைய 270 ஏக்கர். அங்கே இருக்கும் பெரிய ஆலமரத்துக்கு நடுமரமே கிடையாது. பூஞ்சை அரித்துவிட்டதால் 1925-இல் அதை அப்புறப்படுத்தினார்கள். ஆயிரக்கணக்கான விழுதுகளின் மேலேயே மரம் நிற்கிறது, இன்னும் பரவுகிறது. அடையாற்றில் பிரம்மஞான சபை ஆலமரத்தின் நடுமரம் 1989-இல் காற்றில் சாய்ந்ததை நினைவு வைத்திருக்கும் சென்னைத் தாத்தா ஒருவர் கூட இருந்தால் பேச்சுக்குப் பஞ்சமிருக்காது. எட்டு வயதுப் பிள்ளையிடம் 'அடிமரம் எங்கே, கண்டுபிடி' என்று சொல்லிவிட்டு ஒதுங்கிவிட வேண்டும். விழுதுக்கு விழுது ஓடி, கடைசியில் நடுவில் வெறும் இடத்தைப் பார்த்துவிட்டு வந்து கேள்வி கேட்கும். நுழைவாயிலிலேயே முழுக் கதையையும் ஒப்பிக்கிற அப்பாக்கள்தான் இந்தத் தோட்டத்தின் ஒரே குறை.

புத்தகக் கண்காட்சியை இப்படிச் சுருக்க முடியாது. பதிப்பாளர், விற்பனையாளர் கில்டு 1976-இல் தொடங்கிய அது முப்பது ஆண்டுகள் நகர நடுவிலுள்ள மைதானத்தில் நடந்தது. 1997-இல் பிரெஞ்சுத் தத்துவவாதி தெரிதா வந்து திறந்து வைத்த கண்காட்சி சில நாட்களிலேயே தீப்பிடித்து எரிந்தது. அதே மாதம் அதே இடத்தில் மறுபடி கூடியது. தூசியாலும் நெரிசலாலும் மைதானம் பாழாகிறது என்ற வழக்கில் 2007-இல் உயர் நீதிமன்றம் அதை வெளியேற்றியது. 2008-இல் பார்க் சர்க்கஸில், திறப்பு விழாவுக்கு முந்தின நாள் மறுபடி தடை. பிறகு மிலன் மேளா வளாகத்தில் சில ஆண்டுகள்; 2018 முதல் சால்ட் லேக் சென்ட்ரல் பார்க். இப்போது கருணாமயி மெட்ரோவில் இறங்கி நடந்தால் போதும். சென்னையில் பபாசி கண்காட்சிக்குச் சீட்டு வாங்கிப் பழகியவர்களுக்கு இங்கே நுழைவு இலவசம் என்பது முதலில் நம்ப முடியாது.

பிள்ளைகளுக்கு இதில் என்ன இருக்கிறது? வங்காளிக் குழந்தைக்கு நிறைய. உபேந்திரகிஷோர் ராய்சௌத்ரி 1913-இல் தொடங்கிய 'சந்தேஷ்' சிறுவர் இதழ், அவர் மகன் சுகுமார் ராயின் 1923-ஆம் ஆண்டு 'ஆபோல் தாபோல்', பேரன் சத்யஜித் ராய் 1961-இல் அதே இதழுக்கு மறுபடி உயிர் கொடுத்தது என்று ஒரே குடும்பம் மூன்று தலைமுறையாகப் பிள்ளைகளுக்கு எழுதியிருக்கிறது. பெரிய எழுத்தாளன் குழந்தைகளுக்கும் எழுதியே ஆக வேண்டும் என்பது அந்த மொழியில் எழுதாத சட்டம். நம் மொழியில் அழ. வள்ளியப்பாவைப் போல அதற்கென்றே வாழ்ந்தவர்கள் உண்டு. ஆனால் பெரியவர்களுக்கு எழுதும் கை சிறுவர் பக்கம் திரும்புவது அபூர்வம். இந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பொறாமையே உண்டு.

ஆனாலும் கண்காட்சி ஒரு குடும்ப நிகழ்ச்சி என்ற அளவில் எனக்கு முழுத் திருப்தி தருவதில்லை. ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு அது பெரியவர்களின் இடுப்புகளால் ஆன காடு. மேசை மட்டம் கண்ணுக்கு மேலே இருக்கிறது. பிள்ளை கையை நீட்டும் இடத்தில் படம் ஒட்டும் புத்தகம். அப்பா நீட்டும் இடத்தில் பொது அறிவு வினா விடை. இரண்டுக்கும் நடுவில் சமரசமாக எல்லாரும் போய் மீன் வறுவல் கடை வரிசையில் நிற்கிறார்கள். கண்காட்சிக்கு வரும் லட்சக்கணக்கான பேரில் எத்தனை பேர் புத்தகத்துக்கு, எத்தனை பேர் மீனுக்கு என்பது இந்த ஊரின் பழைய நகைச்சுவை. பத்து வயதுப் பிள்ளையின் கையில் முந்நூறு ரூபாயைக் கொடுத்து, எதை வாங்கினாலும் கேட்க மாட்டேன் என்று சொல்லி, சொன்ன வாக்கைக் காப்பாற்றினால் நிலைமை மாறும். பிள்ளை தேர்ந்தெடுக்கும் புத்தகம் மட்டமாக இருக்கலாம். அந்த மட்டமான புத்தகத்தைத்தான் அது முழுதாகப் படிக்கும்.

நெரிசலுக்கு இன்னொரு விலையும் உண்டு. 2023 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் கொல்கத்தாவில் அடினோவைரஸ் பரவியபோது பி.சி. ராய் குழந்தைகள் மருத்துவமனை நிரம்பி வழிந்தது. இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள்தான் அதிகம் அவதிப்பட்டார்கள். கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மாலை கண்காட்சிக்குப் போவது வாசிப்பு ஆர்வத்தில் சேராது. அது பெற்றோரின் பிடிவாதம்.

அடுத்தது ஹோலி, வங்காளத்தில் தோல். சைதன்யர் பிறந்த பௌர்ணமி அது, 1486. குடியிருப்புக்குள்ளேயே, தெரிந்த முகங்களோடு, காலை பதினோரு மணி வரை உலர்ந்த அபீர்ப் பொடி பூசிக்கொள்வது பிள்ளைகளுக்கு நல்ல கூத்து. முந்தின இரவே தேங்காய் எண்ணெய் தடவி, முழுக்கைப் பழைய சட்டை மாட்டிவிட்டால் பாதிக் கவலை தீரும். ஜாதவ்பூர் பல்கலைக்கழக வேதிப் பொறியியல் துறையினர் பூவிதழ்களிலிருந்து அபீர் தயாரிக்க வழி கண்டுபிடித்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆகின்றன. கேட்டால் கிடைக்கும், விலை சற்றுக் கூடுதல். தெருவுக்குப் போனால் கதை வேறு. வெள்ளிச் சாயமும் எஞ்சின் எண்ணெயும், 'ஹோலிதானே, கோபிக்காதே' என்று சொல்லிக்கொண்டு அத்துமீறும் கைகளும் அங்கே உண்டு. வளர்ந்த பெண் பிள்ளைகளின் தாய்மார்கள் அன்று கதவைச் சாத்திக்கொள்வதைப் பத்தாம்பசலித்தனம் என்று நான் சொல்ல மாட்டேன்.

பட்டியல்கள் உச்சியில் வைப்பது சாந்திநிகேதனின் வசந்த உத்சவத்தை. இதில் என் தீர்ப்பு கடுமையானது: பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அந்த நாளில் அங்கே போகாதீர்கள். 2019-இல் கூடிய கூட்டத்தில் ஊரே திணறியது. மறு ஆண்டு கொரோனாவால் நின்றதற்குப் பிறகு, விழாவை நடத்தும் விஸ்வபாரதி பல்கலைக்கழகம் பழையபடி கதவைத் திறந்துவிடவில்லை. விழாவைத் தன் மாணவர்களோடு வைத்துக்கொண்டது. வருகிறவர்கள் சோனாஜுரி மரங்களுக்கிடையே ஒலிபெருக்கியோடு கூடுகிறார்கள். கூந்தலில் சூடப் பலாச மரங்களை மொட்டையடிக்கிறார்கள் என்ற புகார் ஆண்டுதோறும் எழுகிறது. மூன்று மணி நேர ரயில், இரட்டிப்பு விலையில் அறை, பிறகு புகைப்படம். வாரநாள் ஒன்றில் போனால் அதே சாந்திநிகேதன் பிள்ளைகளுக்கு அருமையான இடம்.

இந்த விழா எப்படித் தொடங்கியது என்று பார்த்தால்தான் நாம் இழந்தது தெரியும். 1907 பிப்ரவரியில், வசந்த பஞ்சமியன்று, ரவீந்திரநாத் தாகூரின் இளைய மகன் ஷமீந்திரநாத் சாந்திநிகேதனில் ருது உத்சவம் ஒன்றை நடத்தினான். பள்ளித் தோழர்கள் சிலரோடு சேர்ந்து பருவங்களாக வேடம் போட்டுக்கொண்டான். அவனுக்கு வயது பத்து. பல்கலைக்கழகம் இல்லை, பார்வையாளர் மாடம் இல்லை. அதே ஆண்டு நவம்பரில் முங்கேரில் காலரா கண்டு அவன் இறந்துபோனான். பின்னாளில் தந்தை அதை வளர்த்து எடுத்தார். வளர வளர அது பெரியவர்களின் கலை நிகழ்ச்சியானது. வேறு எவரும் சொல்லிக்கொடுக்காமல் ஒரு சிறுவன் தானாக ஆடிய ஆட்டத்தைப் பார்க்கத்தான் இன்று காரில் போய் நெரிசலில் நிற்கிறோம்.

அவன் தேர்ந்தெடுத்த அதே நாள், சரஸ்வதி பூஜை, கொல்கத்தாவில் இன்னும் பிள்ளைகள் கையில் இருக்கிறது. என் முதல் மதிப்பெண் அதற்கு.

பட்டியல்கள் இதைக் குறிப்பிடும்போது ஹாத்தேகொரியை மட்டும் சொல்லும். மூன்று நான்கு வயதுக் குழந்தையின் கையைப் பெரியவர் ஒருவர் பிடித்து, சிலேட்டில் சுண்ணக்கட்டியால் முதல் எழுத்தை எழுத வைப்பார். நாம் விஜயதசமியில் நெல்லிலோ அரிசியிலோ செய்வதுதான். கொல்கத்தாத் தமிழ்க் குழந்தைக்கு இலையுதிர் காலத்தில் ஒருமுறையும் மாக மாதத்தில் ஒருமுறையும் கல்வி தொடங்கிவைக்கப்படும். நல்ல சடங்கு, ஐந்து நிமிடத்தில் முடியும். ஆனால் அதில் குழந்தை ஒரு கை மட்டுமே. போதாக்குறைக்கு, நர்சரிச் சேர்க்கைக்காக ஏற்கெனவே இரண்டு மொழி எழுத்தையும் கற்றுக்கொண்டுவிட்ட குழந்தைக்கு இது படம் எடுக்கும் நேரம். முதல் வகுப்புக்கு ஆறு வயது என்று 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை சொல்கிறது. அதுவரை பொறுக்கும் பெற்றோருக்குத்தான் இந்தச் சடங்கில் ஏதாவது அர்த்தம் இருக்கும்.

நான் சொல்வது தெருப் பூஜையை. இந்த ஊரில் துர்கா பூஜை பெரியவர்களின் கமிட்டி, பெரியவர்களின் பட்ஜெட். சரஸ்வதியைப் பத்திலிருந்து பதினாறு வயது வரையுள்ளவர்களுக்கு விட்டுவிடுகிறார்கள். ரசீதுப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு நாலைந்து பேர் வீடு வீடாகச் சந்தாவுக்கு வருவார்கள். ஐம்பது ரூபாய் என்றால் முகம் சுளிப்பார்கள், நூறு என்றால் பிரசாதம் வீட்டுக்கே வரும் என்று வாக்களிப்பார்கள். விக்கிரகம் செய்பவர்களின் பேட்டையான குமார்டுலிக்குப் போய்ப் பேரம் பேசுவது, சைக்கிள் ரிக்‌ஷாவில் அன்னத்தின் கழுத்து உடையாமல் கொண்டுவந்து சேர்ப்பது, இரவு விழித்துக் காகிதத் தோரணம் ஒட்டுவது, தரையில் அல்பனாக் கோலம் போடுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. காலையில் பெரிய பிரச்சினை புரோகிதர். எல்லாத் தெருவிலும் ஒரே முகூர்த்தம். சைக்கிளில் போகும் புரோகிதரை மறித்து 'புருத் மொஷாய், பத்தே நிமிஷம்' என்று கெஞ்சி இழுத்து வரும் சிறுவர்களை அன்று எந்தத் தெருமுனையிலும் பார்க்கலாம். பதினோரு வயதில் ஒரு பிள்ளை பணம் கேட்கவும், மறுப்பை விழுங்கவும், கணக்கு எழுதவும், அந்நியரிடம் வேலை வாங்கவும் இவ்வளவு மலிவான பயிற்சிக்களம் வேறு எனக்குத் தெரியாது.

பட்டினி கிடந்து அஞ்சலி செய்துவிட்டுத்தான் அன்று வாயில் எதுவும். இலந்தைப் பழத்தைப் பூஜைக்கு முன் தின்றால் தேர்வில் தோல்வி என்று ஒரு நம்பிக்கை; ஜனவரி முழுதும் சந்தையில் குவிந்து கிடக்கும் பழத்தைத் தொடாமல் இருப்பதை ஐந்து வயதுப் பிள்ளை கூட வீம்பாகக் கடைப்பிடிக்கும். பிறகு கிச்சுரி, லாப்ரா, கத்திரிக்காய் பஜ்ஜி, அந்த இலந்தையிலேயே சட்னி. பரிமாறுவதும் பிள்ளைகள்தான்; வாளியிலிருந்து பாதி தரையில் விழும். எல்லாவற்றையும் விட முக்கியம், புத்தகங்கள் அன்று அம்பாளின் காலடியில். படி என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. தமிழ் வீட்டு ஆயுத பூஜையிலும் இதே விதிதான், ஆனால் அது காலாண்டுத் தேர்வு முடிந்த விடுமுறையில் வந்துவிடுகிறது. ஆண்டுத் தேர்வுக்கு இரண்டு வாரம் முன்னால் கிடைக்கும் தடையின் ருசியே வேறு.

எதிர்வாதங்கள் இருக்கின்றன, அவை லேசானவை அல்ல. 1928-இல் இந்த ஊரின் சிட்டி கல்லூரி விடுதி மாணவர்கள் சரஸ்வதி பூஜை நடத்தினார்கள். உருவ வழிபாட்டை ஏற்காத பிரம்ம சமாஜத்தாரின் கல்லூரி அது, நிர்வாகம் எதிர்த்தது. சுபாஷ் சந்திர போஸ் மாணவர்கள் பக்கம் நின்றார். ரவீந்திரநாத் கல்லூரியின் பக்கம். தகராறில் மாணவர்கள் விலக, வருமானம் சரிந்து சில ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். கவிஞர் ஜீவனானந்த தாஸ் அவர்களில் ஒருவர். (2026-இல் சரஸ்வதி பூஜை ஜனவரி 23-இல், போஸின் பிறந்தநாளிலேயே வந்தது.) என்னைக் கேட்டால், அந்த வழக்கில் ரவீந்திரநாத் சொன்னதுதான் சரி. ஐந்தில் ஒருவர் முஸ்லிமாக இருக்கும் நகரத்தில், பள்ளி தன் பணத்தில் நடத்தும் பூஜையில் எல்லாப் பிள்ளையும் கை கூப்பித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வரக்கூடாது. அதனால்தான் என் மதிப்பெண் தெருவுக்கு, பள்ளிக்கு அல்ல. தெருப் பூஜையில் மூங்கில் தூக்கவும் பந்து ஆடிக்கொண்டே தோரணம் ஒட்டவும் வருகிற பிள்ளையிடம் யாரும் மதம் கேட்பதில்லை. அஞ்சலி நேரத்தில் விலகி நின்றாலும் கிச்சுரி வரிசையில் இடம் உண்டு. எல்லாத் தெருவிலும் அப்படியா என்றால் இல்லை. இல்லாத தெருவில் பெற்றோர்தான் தலையிட வேண்டும்.

இரண்டாவது குறை, வேலைப் பிரிவினை. சந்தாவுக்கும் பேரத்துக்கும் பையன்கள் போகிறார்கள். பழம் நறுக்கவும் கோலம் போடவும் பெண்கள். முதல்முறை சேலை கட்டி நடக்கும் பரவசம் பெண் பிள்ளைக்கு இருக்கலாம், அதற்காக ரசீதுப் புத்தகத்தை அவள் தொடக்கூடாது என்று எந்த சாஸ்திரமும் சொல்லவில்லை. அதற்குத் தாய் தந்தையர் செய்யக்கூடியது சுலபம்: வீட்டு வாசலுக்கு வரும் கூட்டத்தில் பெண் இல்லையென்றால் சந்தா பாதி. மூன்றாவது, ஒலிபெருக்கி. பக்கத்து வீட்டில் மத்தியமிக் எழுதப்போகும் பிள்ளை இருக்கும்போது விடிய விடியப் பாட்டுப் போடும் தெருக்களுக்கு நான் மதிப்பெண்ணே தர மாட்டேன்.

பூஜைக்கு மறுநாள் மேற்கு வங்கத்துப் பழைய குடும்பங்கள் பலவற்றில் அடுப்பு மூட்டமாட்டார்கள். முந்தின நாளே முழுதாக வேகவைத்த பயறும் நறுக்காத காய்களும் ஆறிய நிலையில் உணவு. அதன் பிறகு கோடை வரை வேப்பங்கொழுந்தும் கத்திரிக்காயும் வதக்கியது, முருங்கைப்பூ, முருங்கைக்காய் என்று சமையல் மாறும். அம்மை நோய்க்காலம் தொடங்குகிறது என்பதால் இந்த ஏற்பாடு. ஷீதளா தேவி இந்த மண்ணின் மாரியம்மன், வேப்பிலை அவளுக்கும் உண்டு. பிள்ளைகள் கசப்பைத் தின்னப் பழகுவது நல்லதுதான், ஆனால் வேப்பங்கொழுந்து சின்னம்மையைத் தடுக்காது. தடுப்பூசி தடுக்கும். அது அரசின் இலவசப் பட்டியலில் இல்லாததால் பலர் விட்டுவிடுகிறார்கள். பதினைந்து மாதத்திலிருந்து போடலாம். வந்துவிட்டால் கடைசிக் கொப்புளமும் பொருக்குத் தட்டும் வரை பிள்ளை வீட்டில்தான், காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கூடாது. நம் ஊர்ப் பாட்டிகள் வாசலில் வேப்பிலை செருகியதில் இந்த அளவுக்குப் புத்திசாலித்தனம் இருந்தது: அந்த வீட்டுக்குள் மற்றப் பிள்ளைகள் நுழையவில்லை.

நான்காம் மாடிப் பையனுக்கு இதெல்லாம் எப்படி வாய்க்கும் என்று கேட்கலாம். முழு வசந்தத்தையும் கேட்க அவனுக்கு வழியில்லை, ஒன்றரை நாள் கேட்கலாம். சந்தாவுக்கு ஒரு மாலை, பந்தலுக்கும் பரிமாறலுக்கும் பூஜை நாள். பின்னக் கணக்கு அதனால் கெட்டுப்போகாது. வசூலான தொகையில் புரோகிதருக்கு எவ்வளவு, பூவுக்கு எவ்வளவு, மிச்சத்தில் தலைக்கு எத்தனை கரண்டி கிச்சுரி என்று அவனே பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும். புத்தகக் கண்காட்சியை இரண்டாவதாக வைக்கிறேன், பணம் பிள்ளை கையில் இருக்கும் பட்சத்தில். ஷிப்பூர் ஆலமரம் மூன்றாவது. அதற்கு எந்த ஞாயிறும் போதும், தேர்வு முடிந்த மறுநாள் உட்பட. தோல் குடியிருப்புக்குள். சாந்திநிகேதன் வேறு மாதத்தில், வாரநாளில்.